பாய் விரிக்கிறவளுக்கு வரம் இல்லையா?

சகோதரி, நீங்கள் எழுதியதை ஒருமுறை என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பாலக்கோடு பக்கம் ஒரு சின்னச் சபை. ஏழு வருடமாகப் போகிறீர்கள். ஞாயிறு ஆராதனையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில், அதாவது பரிசுத்த ஆவி தருவதாக நம்புகிற, கேட்பவருக்குப் புரியாத பாஷையில் பேசுகிறார்கள், உங்களுக்கு அது வரவில்லை. போன மாத உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னாலும் "நீ இன்னும் அபிஷேகம் பெறவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். காலையில் முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிக்கிறீர்கள், பிரசங்க நேரத்தில் குழந்தைகளை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்கள், கூட்டம் முடிந்ததும் டீ போடுகிறீர்கள். "எனக்கு ஒரு வரமும் இல்லையா ஐயா?" என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் அந்நியபாஷையைப் பற்றிய கேள்விதான். எனக்கு என்னவோ, 'நான் வராவிட்டாலும் இந்தச் சபை நடக்கும்தானே' என்பதைத்தான் நீங்கள் வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். செராம்பூர் வழி இறையியல் படித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சின்னச் சின்னச் சபைகளில் இருபத்தேழு வருடம் ஊழியம் பார்த்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். அந்நியபாஷையில் நான் ஒருநாளும் பேசினதில்லை. அதனால் அந்த அனுபவத்தைப் பற்றி உள்ளேயிருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்கள் சபையை நான் பார்த்ததும் இல்லை, உங்கள் பாஸ்டர் தரப்பைக் கேட்கவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் 'வரம்' என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் வரம் என்றால் தவம் கிடந்து வாங்குவது. ஒற்றைக்காலில் நின்றவனுக்குக் கிடைக்கும், சும்மா இருந்தவனுக்குக் கிடைக்காது. வாங்கியவன் பெரிய ஆள் ஆகிவிடுவான். கிறிஸ்தவத்துக்குள் வந்தும் இந்த வாசனை அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. இருபத்தோரு நாள் உபவாசம் இருந்தால் வரும், இன்னும் வரவில்லையென்றால் உன்னிடம் ஏதோ குறை என்கிறோம். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலன் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் காரிஸ்மா. காரிஸ், அதாவது கிருபை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. சும்மா கொடுக்கப்பட்டது என்பதுதான் அதன் பொருள். கத்தோலிக்கர்கள் வாசிக்கிற திருவிவிலியத்தில் 'அருள்கொடை' என்று போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது நல்ல சொல். எங்கள் மாவட்டப் பிரசங்கியார்கள் இந்த இடத்துக்கு வந்ததும் தகடூர் அதியமானையும் நெல்லிக்கனியையும் இழுத்துவிடுவார்கள். நானும் பலமுறை இழுத்திருக்கிறேன். ஆனால் அதியமான் அந்தக் கனியை அரும்பாடுபட்டுத்தான் பறித்தான். இங்கே பறிக்கிற பாடுகூட நம்முடையது இல்லை. ஔவைக்குக் கொடுத்த பகுதி மட்டும்தான் நமக்குப் பொருந்தும்.

இனி 1 கொரிந்தியர், அதாவது கொரிந்து ஊர்ச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதம். 12, 13, 14 மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும், அவை ஒரே பேச்சு. நடுவிலிருக்கிற அன்பின் அதிகாரத்தைக் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டோம். உண்மையில் அது ஆராதனையில் நடந்த ஒரு சண்டையின் நடுவே எழுதப்பட்டது. கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் சண்டை எதற்கு என்று விளங்கும். ரோமர்கள் கி.மு. 146-இல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நூறு வருடம் கழித்து, கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசர் அங்கே புதிதாக ஆட்களைக் குடியேற்றினார். வந்தவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் நிறைய. இரண்டு பக்கமும் துறைமுகம், கையில் காசு புரளும் ஊர். பரம்பரைப் பெருமை இல்லாதவர்கள் புதிதாகப் பெருமை சம்பாதிக்கிற இடம். அந்தப் பழக்கம் சபைக்குள்ளும் வந்தது. கர்த்தருடைய பந்தியில்கூட ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான் என்று 11-ஆம் அதிகாரத்தில் பவுல் திட்டுகிறார். அப்படிப்பட்ட கூட்டத்தில், யாருக்கும் புரியாத பாஷையில் பேசுவது ஒரு தகுதி அடையாளம் போல ஆகியிருக்க வேண்டும். கடைசி வாக்கியம் என் ஊகம் என்றாலும், பவுலின் பதில் போகிற போக்கைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

அந்தப் பதிலின் அச்சாணி ஒரே சொல். 14-ஆம் அதிகாரத்தில் பெயராகவும் வினையாகவும் ஏழு தடவை வருகிறது. நம் கையிலிருக்கிற, வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பவர் ஐயர் வழி வந்த பழைய மொழிபெயர்ப்பு அதைப் 'பக்திவிருத்தி' என்கிறது. "சகலமும் பக்திவிருத்திக்கேதுவாகச் செய்யப்படக்கடவது" என்ற 26-ஆம் வசனம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். பக்திவிருத்தி என்றதும் நமக்கு என்ன தோன்றும்? எனக்குள்ளே பக்தி கூடுகிறது, கண்ணில் நீர் வருகிறது, உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மூலத்தில் இருப்பது கொத்தனார் சொல். ஒய்கொதொமே, வீடு கட்டுதல். இதே சொல்லை 3-ஆம் அதிகாரத்தில் "தேவனுடைய மாளிகை" என்று நம் மொழிபெயர்ப்பாளர்களே கட்டடமாகத்தான் வைத்திருக்கிறார்கள். 14-இல் பக்திவிருத்தி ஆனதும் சுவர் கண்ணுக்கு மறைந்துவிட்டது. ஒருமுறை அந்த அதிகாரத்தை, பக்திவிருத்தி வருகிற இடத்திலெல்லாம் 'கட்டுதல்' என்று போட்டு வாசித்துப் பாருங்கள். பாஷையில் பேசுகிறவன் தன்னையே கட்டுகிறான், தீர்க்கதரிசனம், அதாவது தேவனுடைய செய்தியைப் புரிகிற பாஷையில் சொல்லுகிறவன் சபையைக் கட்டுகிறான். வேறு கடிதம் வாசிப்பது போல இருக்கும்.

12:7-இலும் இப்படி ஒரு மறைப்பு உண்டு. ஆவியின் அநுக்கிரகம் "அவனவனுடைய பிரயோஜனத்திற்கென்று" கொடுக்கப்பட்டது என்று பழைய மொழிபெயர்ப்பில் வருகிறது. என் வரம் எனக்கு என்று யாராவது நினைத்தால் இந்த வரி மேல் பழியைப் போடலாம். கிரேக்கத்தில் 'அவனவனுடைய' என்ற சொல் பிரயோஜனத்தோடு ஒட்டி வரவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்படுகிறது, பயனுக்காகக் கொடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். திருவிவிலியம் 'பொது நன்மை' என்று வைத்தது. அதன் பின் வரும் உடல் உவமை முழுவதும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கட்டுவது என்றதும் எனக்கு ஒரு சுவர் ஞாபகம் வருகிறது. தர்மபுரிப் பக்கம் ஒரு சபையில் இருந்தபோது சுற்றுச்சுவர் எடுத்தோம். கருங்கல்லுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. கடைக்கால் எடுத்து, நூல் கட்டி, வயதான கொத்தனார் ஒருவர் வரிசை வைத்துக்கொண்டு போனார். பெரிய கல்லை வைத்ததும் கையால் ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். அப்புறம் தரையில் சிதறிக் கிடக்கிற சில்லுகளில் ஒன்றைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கல்லுக்கு அடியில் செருகிச் சுத்தியால் இரண்டு தட்டு. எனக்கு அவசரம், சபை விருந்தான அசனப் பண்டிகைக்குள் முடிய வேண்டும். "சில்லெல்லாம் எதுக்கு, கலவையை நிறையப் போட்டு ஏத்துங்களேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "சில்லு அடைக்காம வெச்சா கல்லு ஆடிக்கிட்டேதாங்க இருக்கும். நாலு மழைக்குத் தாங்காதுங்க" என்றார். அவருக்குப் பின்னால் சித்தாளாக வந்த பெண் அவர் கேட்காமலே அடுத்த சில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எந்த இடுக்குக்கு எந்தச் சில்லு என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. 12-ஆம் அதிகாரத்தில் பலவீனமாகத் தோன்றும் அவயவங்களே "மிகவும் வேண்டியவைகள்" என்று பவுல் எழுதியதை நான் ஆறுதல் வார்த்தை என்றுதான் அதுவரை பிரசங்கித்திருந்தேன். அது கட்டட வேலைக் கணக்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, அந்நியபாஷைக்கு வருகிறேன். எது உறுதி, எது விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்தே சொல்கிறேன். உறுதியானது இது. பவுல் அதை மட்டம் தட்டவில்லை. உங்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பேசுகிறேன் என்று நன்றி சொல்கிறார், தடைபண்ணாதிருங்கள் என்று 14:39-இல் முடிக்கிறார். ஆகவே அந்த வரத்தைக் கேலி பேசுகிற என் போன்ற பழைய சபைக்காரர்களுக்கும் அங்கே அடி இருக்கிறது. ஆனால் சபை கூடும்போது என்று வந்துவிட்டால் அவர் கண்டிப்பு. பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் சபையிலே பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசட்டும். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில், அர்த்தம் இல்லாமல் என்றால், வேறு எதைக் காட்டி நியாயப்படுத்தினாலும் இந்த அதிகாரத்தைக் காட்டி முடியாது. "ஆவி வந்தால் அடக்க முடியாது" என்பார்கள். தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறது என்று 32-ஆம் வசனம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. அடுத்து, 12:30-இல் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்ற கேள்வி. கிரேக்கத்தில் அந்தக் கேள்வி தொடங்குகிற விதமே 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்துத் தொடங்குகிறது. இதில் எந்தச் சபை அறிஞருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

விவாதத்தில் இருப்பது என்ன? அந்நியபாஷையே ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற போதனை பெந்தெகொஸ்தே சபைகளில் உண்டு. 1901-இல் அமெரிக்காவில் சார்லஸ் பார்ஹாம் என்பவர் வழியாக உருவாகி, 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டங்களிலிருந்து உலகமெங்கும் போயிற்று. அப்போஸ்தலருடைய நடபடிகள் 2, 10, 19 அதிகாரங்களில் ஆவி இறங்கியபோது பாஷைகள் பேசினார்கள் என்பது அதன் ஆதாரம். 12:30-ஐக் காட்டினால், அது சபையில் பயன்படுத்தும் வரத்தைப் பற்றியது, முதல் அடையாளம் வேறு என்று பதில் சொல்வார்கள். உங்கள் பாஸ்டர் இதைத்தான் பிடித்திருக்கிறார் போலும். அவர் தன் இஷ்டத்துக்குச் சொன்னதில்லை, அவருக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. அப்போஸ்தலர் 8-இல் சமாரியர்கள் ஆவியைப் பெற்ற இடத்தில் பாஷை பற்றி ஒரு வார்த்தை இல்லை. நடந்த சம்பவங்களைச் சொல்வது ஒன்று, எல்லாருக்கும் இதுவே சட்டம் என்பது இன்னொன்று. எதிர்ப்பக்கம், இந்த வரங்களெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன என்பவர்களும் உண்டு. 13-ஆம் அதிகாரத்தில் "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்" என்பதைக் காட்டுவார்கள். நிறைவானது வரும்போது என்று அங்கேயே நிபந்தனை இருப்பதால் அதுவும் எனக்கு ஒப்பவில்லை. நம் தமிழ்நாட்டிலேயே, அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு வருடம் முன்னால், 1860-இல், ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் ஊழியம் செய்த திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் வந்தபோது அந்நியபாஷை பேசினதாகப் பதிவு இருக்கிறது. ஆக, இது வெளிநாட்டு இறக்குமதி என்று ஒரேயடியாகத் தள்ளுகிறவர்கள் சரித்திரம் படிக்காதவர்கள்.

அர்த்தம் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பதினைந்து வயதுப் பெண். வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு வீட்டுக்கூட்டம். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். கோலாரிலிருந்து வந்த பிரசங்கியார் கன்னடத்தில் பேசினார். நல்ல பிரசங்கம் என்றார்கள். எனக்குப் பாதி புரியவில்லை, அவ்வப்போது தலையை ஆட்டிவைத்தேன். எனக்கு முன்னால் ஒரு தெலுங்குப் பாட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பாட்டியின் காதில் தெலுங்கில் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லாரும் ஆமென் சொல்லி அரை நிமிடம் கழித்துப் பாட்டி தனியாக ஒரு ஆமென் சொல்வார். இரண்டு மூன்று முறை சிரிப்புகூட வந்தது. ஒரு இடத்தில் பாட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் பிரசங்கியாருக்குச் சால்வை போட்டோம். அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அந்தப் பாட்டியைக் கட்டியது யார்? பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரிகிற ஐந்து வார்த்தை மேல் என்று பவுல் சொன்னதை இதைவிடக் கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. பாஷைக்கு அர்த்தம் சொல்லும் வரமும் காதில் மொழிபெயர்ப்பதும் ஒன்றே என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான், புரியாமல் வெளியே நிற்கிறவரை உள்ளே கூட்டிவருவது.

இனி உங்கள் பாயும் டீயும். புதிய ஏற்பாட்டில் வரங்களின் பட்டியல் ஒரே மாதிரி இரண்டு இடத்தில் இல்லை. ரோமர் 12-இல் ஊழியம், புத்திசொல்லுதல், பகிர்ந்துகொடுத்தல், இரக்கஞ்செய்தல் எல்லாம் வரம்தான். அங்கே அந்நியபாஷை பட்டியலிலேயே இல்லை. 1 கொரிந்தியர் 12:28-இல் அற்புதங்களுக்கும் குணமாக்குதலுக்கும் அடுத்தபடி 'உதவிகள்' என்று பொருள்படும் ஒரு சொல் வருகிறது. கீழே விழப்போகிறவரைக் கைகொடுத்துத் தாங்குவது என்ற பொருளிலிருந்து வந்த சொல். அதற்கும் பின்னால்தான் பாஷைகள். பட்டியலே முழுமையானது இல்லை என்பதற்கு இந்த மாற்றங்களே சாட்சி. அப்புறம் அந்தக் கடிதத்தின் கடைசி அதிகாரத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. ஸ்தேவான் என்று ஒருவருடைய வீட்டார், பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்யத் தங்களை ஒப்புவித்தவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நீங்கள் கீழ்ப்படியுங்கள் என்கிறார் பவுல். வரத்துக்காக மல்லுக்கட்டிய சபையிடம், சேவை செய்கிற ஒரு குடும்பத்தைக் காட்டி அவர்கள் பேச்சைக் கேளுங்கள் என்கிறார்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சபையில் 'உங்கள் வரத்தைக் கண்டுபிடியுங்கள்' என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். பயிற்சி வகுப்பு ஒன்றில் எனக்குக் கிடைத்தது. நூற்றுச் சொச்சம் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் கூட்டினால் வரம் வந்துவிடும். கூட்டிப் பார்த்தால் எட்டுப் பேருக்குத் தலைமைத்துவம். அடுத்த கமிட்டித் தேர்தல் எப்படி நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தச் சபையில் ஒரு அம்மா இருந்தார். சபையில் யாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் ஒரு பிளாஸ்கும் மாற்றுச் சேலையுமாகப் போய் இரவு துணைக்குப் படுத்துக்கொள்வார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நான் தாளே கொடுக்கவில்லை. எல்லாரும் எழுதி முடித்ததும் பென்சில்களைப் பொறுக்கிச் சேர்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். அந்தப் பென்சில் கட்டைக் கையில் வாங்கியபோதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் காலமாகி, அடுத்து ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரவுக்கு யார் போவது என்று சபையில் கேட்டேன். தலைமைத்துவ வரம் பெற்ற எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

உங்களை எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதைப் பற்றி. அதைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லியிருந்தால், அதை அளக்க 14:3-லேயே அளவுகோல் இருக்கிறது. கட்டுகிறதா, புத்திசொல்கிறதா, ஆறுதல் தருகிறதா? அதோடு 29-ஆம் வசனத்தில், ஒருவர் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள். 'சோதிக்கக் கூடாது, தேவ மனுஷன் வாயிலிருந்து வந்தது' என்று ஒருவர் சொன்னால் அவர் கேட்பது பவுல் கேட்டதைவிட அதிகம். உடனே சபையை மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாஸ்டரையும் அவர் மனைவியையும் வீட்டில் போய்ப் பாருங்கள், 14-ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லி, எனக்கு இதை விளக்குங்கள் ஐயா என்று கேளுங்கள். நல்ல மேய்ப்பனுக்கு அது கோபத்தைக் கொடுக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை வேண்டாம். வரத்தின் பேரில் யாராவது மாத்திரையை நிறுத்து, நகையைக் கொடு, இன்னாரைக் கட்டிக்கொள் என்று சொன்னால், அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். வலிப்பு மாத்திரையை 'விசுவாசத்தில்' நிறுத்திய ஒரு பையனை நான் அடக்கம் பண்ணியிருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஏழு வருடமாகப் பிரசங்க நேரத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிறீர்கள் என்றால், ஏழு வருடமாக உங்களுக்குப் பிரசங்கம் கிடைக்கவில்லை. நீங்கள் மற்றவர்களைத் தாங்குகிறீர்கள், சரி. உங்களைக் கட்டுவது யார்? அது சபையின் கடன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைக்கச் சொல்லுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு உங்களுக்கு, மற்ற ஞாயிறுகள் வேறு மூன்று பேருக்கு. ஆண்கள் பெயரையும் சேருங்கள், கீபோர்டு வாசிக்கிற தம்பியையும் விடாதீர்கள். உங்கள் முறை இல்லாத ஞாயிறுகளில் நீங்கள் விரித்த பாயில் முன் வரிசையிலேயே போய் உட்காருங்கள்.